ரோட் ஐலண்டில் ஆள் இருக்கிறதா?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேய்க்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் பட்டியல் சார்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்த ஓட்டுகளை எண்ணியவள் நான். பேயின் சீட்டையும் இந்தக் கையால்தான் வாங்கினேன். ஈரமாக இருந்தது.

சாருடைய சொந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நாற்பது வருஷம் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதிலும் அயல்நாட்டு அரசியலமைப்புகள், அதிலும் அமெரிக்கா, அதிலும் முதல் முப்பது வருஷம் மட்டும். அதற்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது. மனைவி போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனால் பிலடெல்பியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கீழவீதிக்குப் போய்க் காய்கறி வாங்கிவிட்டு இப்போதுதான் திரும்பியவர் மாதிரி பேசுவார்.

எங்கள் கட்டடம் தஞ்சாவூருக்கு வெளியே, புது ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல். நடுவில் ஒரு வயலை மட்டும் மண்ணடித்து மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். நான்கு தளம், தளத்துக்கு மூன்று வீடு, ஆக பன்னிரண்டு. பில்டருக்கு என்ன தோன்றியதோ, மொட்டை மாடியில் தனியாக இன்னொரு வீட்டைக் கட்டி விற்றுவிட்டார். அது பதின்மூன்றாவது. ஆரம்பத்தில் ஒன்றுகூடிய அமெரிக்க மாநிலங்களும் பதின்மூன்று. பட்டியல் சார் இங்கே வீடு வாங்கியதே அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் அதை மறுத்துப் பேசியதில்லை.

அந்தப் பதின்மூன்றாவது வீட்டை வாங்கியவர் வேதாரண்யம் பக்கத்து உப்பளக்காரர் என்று கேள்வி. பத்திரம் முடித்துச் சாவியை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. எங்களில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கதவு பூட்டியே கிடந்தது. ஆனால் வீடு சும்மா இருக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே நாற்காலி இழுபடும். கொஞ்சம் இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். டெல்டாவில் மத்தியானம் மூன்று மணி எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வயலில் ஆள் இருக்காது. கொக்குகூட அசையாமல் நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் போவது மட்டும் கேட்கும். அதற்கு மேலே அந்தச் சத்தம். கீழே மீட்டர் பெட்டியில் பன்னிரண்டு மீட்டரிலும் சிவப்பு விளக்கு மினுக்கும் அல்லவா, பதின்மூன்றாவதிலும் மினுக்கியது. மெதுவாக, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்.

இந்தக் கட்டடத்துக்குச் சங்கம் அமைத்து விதிமுறை எழுதியவர் பட்டியல் சார். முதல் கூட்டத்தைக் கத்திரி வெயிலில் மோட்டார் ரூமில் வைத்தார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். அமெரிக்க அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்களும் கோடையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்துக் கொட்டத்தான் பேசினார்களாம். அவர் சொன்ன கதை இதுதான்: அந்தப் பதின்மூன்று மாநிலக்காரர்களும் அப்போதுதான் ஒரு ராஜாவின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மேலே ஒரு மத்திய அரசு வேண்டும், ஆனால் அதுவே இன்னொரு ராஜாவாகிவிடக் கூடாது. அதனால் மத்திய அரசு என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டார்கள். அதுவும் போதாதென்று, பட்டியலில் இல்லாதது எதுவும் அதற்குச் சொந்தமில்லை என்று பின்னால் ஒரு திருத்தமும் சேர்த்தார்கள்.

எங்கள் சங்கத்துக்கும் அவர் பட்டியல் போட்டார். நான்கே சொற்கள். படிக்கட்டு, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, கேட். இந்த நாலைத் தவிரச் சங்கம் எதிலும் கைவைக்கக் கூடாது. வீட்டு வாசற்படிக்கு உள்ளே நடப்பது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. பட்டியலைத் திருத்த வேண்டுமென்றால் மொத்த வீடுகளில் நாலில் மூன்று பங்கு சம்மதிக்க வேண்டும். மோட்டார் ரூமில் மூச்சு முட்டியதால் எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே கேள்விதான்: "பட்டியல்ல இருக்கா?" மாடியில் யார் துணி எந்தக் கொடியில் காய்வது, மார்கழியில் ரேடியோ எத்தனை மணிக்கு வைப்பது, எவர் வீட்டுப் பையன் சுவரில் பந்து அடிப்பது, எதற்கும் அதே கேள்வி. பூனை படிக்கட்டில் குட்டி போட்டபோது ஒரு நாள் முழுக்க யோசித்தார். படிக்கட்டு பட்டியலில் இருக்கிறது, பூனை இல்லை. கடைசியில் குட்டிகளைத் தொடாமல் படிக்கட்டை மட்டும் கழுவச் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வயலிலிருந்து சாரைப்பாம்பு ஒன்று படியேறி வந்துவிட்டது. படிக்கட்டு என்பதால் பட்டியல் சாரே கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். வயதுக்கு மீறிய வேகம். பாம்பு நெளிந்து கீழ்த்தளத்தில் திறந்து கிடந்த ஒரு கதவுக்குள் புகுந்தது. வாசற்படியைத் தாண்டியதுதான் தாமதம், சார் கம்பைத் தாழ்த்திவிட்டார். "இனிமே அது உங்க அதிகாரத்துல வருதுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே சோபாவின் மேல் ஏறி நின்றவர் வக்கீல். தஞ்சாவூர் கோர்ட்டில் நல்ல பேர் உள்ளவர். அவர் அதை மறக்கவே இல்லை.

மொட்டை மாடி வீட்டுக்கு சார் வைத்த பெயர் ரோட் ஐலண்டு. பதின்மூன்று மாநிலங்களில் எல்லாவற்றிலும் சின்னது அதுதானாம். பிலடெல்பியாக் கூட்டத்துக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம், கடைசியாகச் சம்மதம் சொன்னதும் அதுதானாம். எங்கள் வாட்ச்மேன் மாரிமுத்துவுக்கு இது ரோட்டு ஐலண்டு என்று காதில் விழுந்துவிட்டது. உப்பளக்காரர் பெயருக்கு ஒரு கூரியர் வந்தபோது, அது ரோட்டு ஐலண்டுக்குப் போக வேண்டியது என்று விளக்கி அனுப்பிவிட்டார். அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடுரோட்டில் இருக்கும் ரவுண்டானாவில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பது சாருடைய கட்டளை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் மாரிமுத்து மொட்டை மாடிக்குப் போய்க் கதவின் அடியில் காகிதத்தைத் தள்ளிவிட்டு வருவார். ஒரு தடவை முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தார். என்ன என்று கேட்டோம்.

"பாதிதான் தள்ளுனேங்க. மீதிய உள்ளேருந்து வாங்கிக்கிட்டாங்க."

அதற்கப்புறம் நோட்டீஸ் தள்ளும் வேலையை சாரே செய்தார். அவருக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. வக்கீலுக்கு இருந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு மொட்டை மாடிச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கட்டடத்தில் பேயைப் பற்றி அதிகம் பேசியவர் அவர்தான். மாடி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். கதவை உடைத்து ஹோமம் பண்ண வேண்டும் என்றார். பட்டியலில் இல்லை என்று சார் சொல்லிவிட்டார். வக்கீல் கோபத்தில் சங்கத்தின் மினிட் நோட்டை வாங்கி, மேற்படி வீட்டில் ஆள் நடமாட்டம் இருப்பது உறுதி, அதை நானே நேரில் கேட்டிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தபிறகு இரண்டு வாடகை வீடுகளில் எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். முதல் வீட்டில் வாசனை என்றார்கள். இரண்டாவது வீட்டில் மாடியில் சாமி அறை இருக்கிறது என்றார்கள். மீன் என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை. சாமான் ஏற்றிய வண்டியில் அடுப்பைக் கட்டிக்கொண்டு தெருவோடு போவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் தளத்தில் இந்த வீட்டை வாங்கியபோது நான் முதலில் தடவிப் பார்த்தது கதவைத்தான். இது எங்கள் கதவு, இங்கிருந்து யாரும் போகச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் என் தம்பி கடற்கரையிலிருந்து வஞ்சிரமோ சங்கராவோ கொண்டுவந்து போடுவான். எதிர்வீடு பட்டியல் சார். பிறந்ததிலிருந்து சைவம். என் வாணலியில் மீன் விழுந்ததும் அவர் கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை ஊற்றி மூக்கில் வைத்துக்கொண்டு, பால்கனிக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வக்கீல் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவந்தார். சார் வழக்கம்போல, மீன் பட்டியலில் இல்லை என்றார். வக்கீல் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாதாடினார். படிக்கட்டு சங்கத்துடையது. மீன் வாசனை படிக்கட்டில் வருகிறது. ஆகவே வாசனை சங்கத்துடையது. வாசனையை நிறுத்த வேண்டுமென்றால் அது கிளம்பும் அடுப்பை நிறுத்த வேண்டும். ஆகவே அடுப்பும் சங்கத்துடையது.

பட்டியல் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் பார்த்ததில்லை. எதிராளி சொல்வது தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அது வராது.

"அமெரிக்காவுல இதே வாதந்தான் ஜெயிச்சுது. பட்டியல்ல வங்கின்னு ஒரு வார்த்தை கெடயாது. ஆனா இருக்கற அதிகாரத்த நடத்தறதுக்குத் தேவையானது, பொருத்தமானதுன்னு சொல்லி உள்ள கொண்டுவந்துட்டாங்க. அங்க வங்கி, இங்க வஞ்சிரம்."

எனக்காகப் பேச வேண்டியவரே எதிர்க்கட்சிக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் சார் முடிக்கவில்லை. அங்கே அப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்தது, இங்கே அது இல்லை. அதனால் பட்டியலில் ஐந்தாவது சொல்லாகச் சமையலறை என்று சேர்த்துத் திருத்தினால்தான் செல்லும் என்றார். வக்கீல் உடனே சரி என்றார். அவர் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்திருந்தார்.

ஓட்டு எடுத்தோம். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீடு சம்மதம். எதிர்த்து மூன்று: நாங்கள், பட்டியல் சார், அடுத்துத் தன் வீட்டு முட்டைக்கும் தடை வரும் என்று பயந்த மூன்றாம் தளத்து சுபேதார். பன்னிரண்டில் நாலில் மூன்று பங்கு ஒன்பது. வக்கீல் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காபி சொன்னார். நான் மூன்றாவது முறையாக வண்டியில் கட்டப்போகும் அடுப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சார் என்னைக் கூப்பிட்டார். பதின்மூன்றில் நாலில் மூன்று பங்கு எவ்வளவு என்று கேட்டார். ஒன்பதே முக்கால் என்றேன். முக்கால் வீடு என்று ஒன்று இல்லையே, அப்படியானால் பத்து வேண்டும் என்றார். ரோட் ஐலண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்பதற்காக அதை மாநிலமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

வக்கீல் எகிறினார். அது பூட்டிய வீடு, காலி வீடு, அதில் யாரும் இல்லை, இல்லாதவனை எப்படி எண்ணுவது என்றார். சார் மினிட் நோட்டைப் புரட்டி, ஆள் நடமாட்டம் இருப்பது உறுதி என்று வக்கீல் எழுதிய பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்ததும் வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேலே போவோம், மூன்று தரம் தட்டுவோம், பதில் வராவிட்டால் வீடு காலி என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். சார் ஒத்துக்கொண்டார். ஓட்டுரிமையுள்ள வீடு என்பதால் ஒரு வெற்று ஓட்டுச்சீட்டையும் முந்தின நாளே கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தார்.

ஆடி மாதம். காலை பதினொரு மணி வெயில். ஆற்றில் தண்ணீர் விட்டு வயலெல்லாம் நாற்று. மொட்டை மாடியில் காற்று தள்ளுகிறது. இருபது பேர் அந்த ஒற்றைக் கதவுக்கு முன்னால் நின்றோம். இத்தனை வருஷமாக உள்ளே ஆள் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அன்றைக்கு யாரும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள். பேயை நம்பாத நானும் சாரும் யாராவது இருந்து தொலைக்க வேண்டுமே என்று நின்றோம்.

வக்கீல் முதல் தரம் தட்டினார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் தட்டினார். காற்றுகூட நின்றுவிட்டது, அதை நான் மட்டும் சொல்லவில்லை, எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் தரம் தட்டிவிட்டு, கோர்ட்டில் கூப்பிடும் குரலில், "ஓட்டுப் போட ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

உள்ளே நாற்காலி இழுபட்டது. மூன்று மணிச் சத்தம், பகல் பதினொரு மணிக்கு. கதவை நோக்கி வந்தது. வந்து நின்றது. பிறகு கதவின் அடியிலிருந்து காகிதத்தின் ஒரு முனை தெரிந்தது. அவசரமே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக முழுதும் வெளியே வந்து வக்கீலின் செருப்பைத் தொட்டது.

வக்கீல் எப்போது கீழே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. மற்றவர்களும் கேட் வரைக்கும் நிற்கவில்லை. சார் ஓடவில்லை. பிற்பாடு கேட்டபோது, கால் வரவில்லை என்றார். நான் குனிந்து சீட்டை எடுத்தேன். நனைந்திருந்தது. உப்பு வாசனை, கடற்கரையில் பிறந்த எனக்கு அது தெரியாமலிருக்காது. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, வெற்றுச் சீட்டு. ஆனால் ஆள் இருப்பதற்கு அத்தாட்சி. மொத்தம் பதின்மூன்று வீடு, சம்மதம் ஒன்பது, தீர்மானம் தோற்றது. சார் அங்கேயே நின்று நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வராத மாநிலத்தையும் எண்ணணும்னு நாப்பது வருஷம் பாடம் நடத்துனேன் டீச்சர். அது வந்து பதில் சொல்லும்னு எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல."

என் வீட்டுக்காரர் இதை நம்பவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கும், மழைச்சாரலில் நனைந்த காகிதத்தை ஆடிக் காற்று தள்ளியிருக்கும் என்றார். நாற்காலிச் சத்தத்துக்கும் காற்றுதான் காரணம் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டேன். எங்கள் கதவு எங்களிடமே இருந்தது, எனக்கு அது போதும்.

போன கார்த்திகையில் ஒருநாள் நல்ல மழை. வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருந்தார். மூன்று மணிக்கு மேலே நாற்காலி இழுபட்டது. பழகிப்போன சத்தம், நான் பேப்பரைத் திருப்பினேன். ஆனால் அன்றைக்கு அது மேலே மட்டும் கேட்கவில்லை. என் வாசலுக்கு வெளியேயும் கேட்டது. ரோட் ஐலண்டு கீழே இறங்கி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜெபத்தின் நடுவில் கணக்கு உறைத்தது. மேலே ஒரு சத்தம். அது நின்றதும் வெளியே ஒரு சத்தம். மறுபடி மேலே. ரோட் ஐலண்டு இடத்தை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் எதிர்வீட்டில் நாற்காலி இழுப்பது யார்? கதவைத் திறந்து பார்த்தேன். சார் வீட்டு வாசலில் காலைப் பேப்பர் எடுக்காமல் கிடந்தது. தட்டினேன். உள்ளே ஒரு தரம் இழுபட்டு நின்றது.

நான் போட்ட சத்தத்தில் மாரிமுத்துவும் வக்கீலும் ஓடி வந்தார்கள். இரும்புக் கடப்பாரை மோட்டார் ரூமில் இருந்தது. மாரிமுத்து அதைக் கொண்டுவந்தபோது வக்கீல் கையை நீட்டித் தடுத்தார். ஊரிலுள்ள கதவையெல்லாம் உடைக்கத் துடித்தவர், இத்தனை வருஷம் சாரோடு சண்டை போட்டே பாடம் படித்திருந்தார். "வாசற்படிக்கு உள்ள சங்கத்துக்கு அதிகாரம் இல்லையே டீச்சர். அவருதானே எழுதினாரு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அதிகாரம் கெடக்கட்டும், தள்ளுங்க" என்று கடப்பாரையை வாங்கினேன். பூட்டு மூன்று இடியில் விட்டது.

சமையலறைத் தரையில் கிடந்தார். காலையிலேயே வழுக்கி விழுந்திருக்கிறார். முழங்கால் சிப்பி உடைந்து, குரல் எழும்பாமல், கைக்கு எட்டிய நாற்காலிக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். யார் காதிலாவது விழும் என்று. எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது, வேறு யாரோ என்று நினைத்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. வக்கீலும் நானும் கட்டில் பக்கத்தில் இருந்தோம். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"எந்த அதிகாரத்துல கதவ ஒடச்சீங்க?"

வக்கீல் தடுமாறி, தேவையானது, பொருத்தமானது என்று ஆரம்பித்தார். சார் தலையை ஆட்டினார். அது சங்கத்துக்குச் சொன்ன விதி, சங்கம் உடைத்திருந்தால் தப்பு என்றார். சங்கம் உடைக்கவில்லை, நான்தான் உடைத்தேன் என்றேன். பட்டியலில் இல்லாததெல்லாம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் அந்தத் திருத்தத்தை சார் முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்தார். மத்திய அரசுக்குக் கொடுக்காததெல்லாம் மாநிலங்களுக்கு. அங்கே நிறுத்தினார்.

"கடைசில 'அல்லது மக்களுக்கு'ன்னு ரெண்டு வார்த்தை இருக்கு டீச்சர். நாப்பது வருஷமா பெல் அடிக்கற நேரத்துல அத வேகமா வாசிச்சிட்டுப் போயிட்டேன்."

சிரிக்கப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்கும் அந்த நொடியில் புரிந்தது. மேலே அத்தனை வருஷமாக நாற்காலி இழுபட்டதே, அது யாரைக் கூப்பிட்டு?

சார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்தோம். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி ஒரு ஏட்டைக் கூட்டிக்கொண்டு, பூட்டுக்காரரை வைத்துத் திறந்தோம். சங்கமாகப் போகவில்லை, ஆட்களாகப் போனோம். வெறும் வீடு. அடுப்படி நடுவில் ஒரு மர நாற்காலி. அதைச் சுற்றித் தரைப் புழுதியில் இழுபட்ட தடங்கள், கதவு வரைக்கும் வந்து திரும்பியிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் உள்ளே கொக்கி போட்டுச் சாத்தியிருந்தன. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டார். இத்தனை வருஷமாகத் தள்ளிய நோட்டீஸ்களில் ஒரு துண்டுக் காகிதம்கூட அங்கே இல்லை.

மறுபடி பூட்டிவிட்டோம். உப்பளக்காரருக்கு எழுதிய பதிவுத் தபால்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பட்டியல் சார் இப்போது தினமும் மத்தியானம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார். இரண்டு தளம், முப்பத்தெட்டுப் படி. கதவை மூன்று தரம் தட்டி, "சௌக்கியமா இருக்கீங்களா? ஒண்ணும் வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் காதை வைத்து நின்றுவிட்டு வருகிறார். அதற்குப் பிறகு நாற்காலிச் சத்தம் கேட்பதில்லை. பதினொரு மணிக்கும் கேட்பதில்லை, மூன்று மணிக்கும் கேட்பதில்லை.

இந்த வயதில், அந்த முழங்காலோடு மாடி ஏற வேண்டாமென்று டாக்டர் சொல்லியாயிற்று, வக்கீலும் சொல்லியாயிற்று. எனக்கு அப்படிச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அதனால் மூன்று மணி ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் ஒட்டிய மீன் வாசனை போகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக் கூடவே ஏறுகிறேன்.